வாசல் கேமரா: பகல் படம் சுலபம், இரவுப் படம்தான் வேலை

வெளிவாசல் கேமரா ஒருவழியாக ஒழுங்காக வேலை செய்கிறது. ஒழுங்காக என்றால், நள்ளிரவில் கேட்டருகே ஓர் ஆள் நடந்து போனால் அது யார் என்று சொல்லும் அளவுக்கு முகம் தெரிகிறது, மழையிலும் படம் நிற்காமல் வருகிறது, இலை அசைந்ததற்கெல்லாம் போன் கத்துவதில்லை. பெட்டியைப் பிரித்து ஒயரைச் செருகி ஆப்பை இறக்கினால் படம் வந்துவிடும், அது பெரிய வேலையே இல்லை. வந்த படத்தை உபயோகமுள்ள படமாக மாற்றுவதற்குத்தான் அத்தனை நேரமும் போனது, அதில் முக்கால்வாசி இருட்டோடும் தண்ணீரோடும் மல்லுக்கட்டியது. வாங்குவதற்கு முன்னால் மெகாபிக்சல் பற்றி உட்கார்ந்து படித்ததெல்லாம் கடைசியில் அவ்வளவாக உதவவில்லை. அதனால் எந்த மாடல் நல்லது என்ற பேச்சே இதில் வராது. மாட்டிய வரிசையில் என்ன நடந்தது, எங்கே அளந்தேன், எதை மாற்றினேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

தேவை எளிது. வீட்டு முன்சுவரிலிருந்து கேட் 6 மீட்டர். கேட்டுக்கு வருகிறவர் முகமும் உள்ளே நிற்கும் வண்டியும் தெரிய வேண்டும். தெரு முழுக்கத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை, பக்கத்து வீடு தெரியவே கூடாது.

முதலில் வைஃபை கேமராவைத்தான் யோசித்தேன், ஒயர் இழுக்க வேண்டாம் என்று. ஆனால் வைஃபை என்றாலும் மின்சாரத்துக்கு ஓர் ஒயர் போய்த்தான் ஆக வேண்டும், அப்புறம் எதற்கு வைஃபை? பேட்டரியில் ஓடும் வகை ஒயரே கேட்காது, ஆனால் அது அசைவு தெரிந்தால்தான் விழித்துக்கொள்ளும். விழித்துப் பதிவைத் தொடங்குவதற்குள் ஆள் பாதி தூரம் கடந்திருப்பார். நாள் முழுக்கப் பதிவு வேண்டுமென்றால் அது ஒத்துவராது. இன்னொன்று, வைஃபை அலையை வெளியிலிருந்தே குழப்பிவிட முடியும், காவலுக்கு வைக்கும் பொருள் அப்படி இருக்கக் கூடாது என்று தோன்றியது. ஆகவே நெட்வொர்க் கேபிள். நெட்வொர்க் வழியாகவே படம் அனுப்பும் 4 மெகாபிக்சல் ஐபி கேமரா, கண்ணாடிக் கிண்ணம் இல்லாத, கழுத்தைத் திருப்பி வைக்கும் டரட் வகை. டோம் வகையில் அகச்சிவப்பு விளக்கும் லென்ஸும் ஒரே கிண்ணத்துக்குள் இருக்கும். கிண்ணத்தில் தூசியோ பனித்துளியோ படிந்தால் அந்த வெளிச்சமே திரும்பி லென்ஸில் விழும். வெளியில் மாட்டுவதற்கு டரட் தொல்லை குறைவு.

ஓட்டை போடுவதற்கு முன்னால் செய்த ஒரு காரியம் இந்த வேலையில் எனக்கு மிகவும் லாபமாக இருந்தது. கேமராவை ஒரு மரச்சட்டத்தில் திருகி, சட்டத்தை ஏணியில் கட்டி, நீளமான கேபிளைத் தரையோடு இழுத்து, மாட்ட நினைத்த இடங்களில் எல்லாம் ஒரு பகலும் ஓர் இரவும் ஓட விட்டுப் பார்த்தேன். பார்க்க அசிங்கமாக இருக்கும், வீட்டில் திட்டு விழும், இருந்தாலும் செய்யலாம்.

மேல்மாடி மூலையில் சுமார் 5 மீட்டர் உயரத்தில் வைத்தபோது திரையில் பிரமாதமான காட்சி. கேட், வண்டி, வழி எல்லாம் ஒரே படத்தில். ஆள் உள்ளே வர வர முகம் மறைந்து உச்சந்தலைதான் தெரிந்தது. தொப்பி போட்டவர் என்றால் தொப்பி மட்டும்தான். 2.7 மீட்டருக்கு இறக்கினேன். அந்த உயரத்திலிருந்து 6 மீட்டர் தள்ளி நிற்பவர் முகத்தைக் கேமரா சுமார் 10 டிகிரி சாய்வில்தான் பார்க்கிறது, கிட்டத்தட்ட நேருக்கு நேர். கை நீட்டித் தொடவும் முடியாது. கம்பு வைத்துத் தட்டிவிடலாம்தான், ஆனால் தட்ட வருகிறவர் முகம் அதற்குள் பதிவாகியிருக்கும்.

லென்ஸ் விஷயத்துக்கு ஒரு மீட்டர் அளவுகோலே போதும். ஒருவரை அதைப் படுக்கைவாட்டில் பிடித்துக்கொண்டு கேட்டில் நிற்கச் சொல்லி, படத்தைச் சேமித்து, கணினியில் அந்த ஒரு மீட்டர் எத்தனை பிக்சல் என்று எண்ணினேன். கண்காணிப்புக் கேமராக்களுக்கான இஎன் 62676-4 என்ற ஐரோப்பியத் தரத்தின் 2015 பதிப்பில் ஒரு கணக்கு உண்டு: முன்பின் தெரியாதவரை அடையாளம் சொல்ல ஒரு மீட்டருக்கு 250 பிக்சல், ஏற்கெனவே தெரிந்தவரை இன்னார் என்று சொல்ல 125, யாரோ வந்திருக்கிறார் என்று மட்டும் தெரிய 25. என் கேமராவின் படம் 2560 பிக்சல் அகலம். 2.8 மி.மீ. லென்ஸில் கேட் தூரத்தில் வந்தது சுமார் 160. பார்வை நல்ல அகலம், முகம் சின்னது. அதே கேமராவின் 4 மி.மீ. லென்ஸ் வகையில் சுமார் 235. 250-க்குக் கொஞ்சம் கீழேதான், ஆனால் பார்வை கேட்டின் இரு தூண்களையும் தாண்டிப் போகிறது, வண்டியும் வருகிறது. அதை எடுத்துக்கொண்டேன். பெட்டியில் 'அகலப் பார்வை' என்று போட்டிருப்பது விற்பனைக்கு நன்றாக இருக்கும். அகலம் கூடக் கூட ஒவ்வொரு முகத்துக்கும் கிடைக்கிற பிக்சல் குறையும், அவ்வளவுதான்.

ஏணிச் சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. கேமரா கொஞ்சம் மேற்கு பார்த்திருந்ததால் மாலையில் சூரியன் இறங்கும்போது ஆட்கள் எல்லாம் கறுப்பு உருவங்களாகிவிட்டார்கள். வெளிச்சத்தையும் நிழலையும் சமன் செய்யும் டபிள்யூடிஆரைப் போட்டதும் ஓரளவு சரியானது. முழுக்கச் சரியானது கேமராவைச் சுவரின் மறு ஓரத்துக்குக் கொண்டுபோய் வடக்கே திருப்பிய பிறகுதான். படத்தில் வானம் எவ்வளவு குறைவாக வருகிறதோ அவ்வளவு நல்லது. படத்தின் மேல் விளிம்பு கேட்டுக்குச் சற்று மேலே நிற்கும்படி கழுத்தைக் குனிய வைத்தேன்.

இடம் முடிவானதும் கேபிள். ரவுட்டர் இருக்கும் அறையிலிருந்து சுற்றி வளைத்து 25 மீட்டர். கையில் பழைய கட்டு ஒன்று கிடந்தது, அதையே இழுத்தேன். மின்சாரத்துக்கு, 12 வோல்ட்டை அப்படியே நீலம், பழுப்பு ஜோடிகளில் ஏற்றி அனுப்பும் மலிவான ஸ்ப்ளிட்டர் ஒரு ஜோடி. பகல் முழுக்கப் படம் அருமை. இருட்டியதும் படம் போய்விடும், ஒரு நிமிடத்தில் வரும், மறுபடி போகும். விடிந்தால் சரியாகிவிடும். மென்பொருள் கோளாறு என்று நினைத்து ஃபர்ம்வேர் புதுப்பித்து, கேமராவை முதலிலிருந்து அமைத்து, ரவுட்டரையும் ஒரு கை பார்த்து, எதற்கும் அது மசியவில்லை.

மல்டிமீட்டரை எடுத்ததும் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. கேமரா முனையில், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். கழற்றி வைத்துவிட்டு அளந்தால் முழு 12 காட்டி ஏமாற்றும். ஓடும்போது பகலில் 11.1 வோல்ட். கையால் கேமராவின் முகத்தை மூடினால் இருட்டிவிட்டது என்று நினைத்து அகச்சிவப்பு விளக்கை ஏற்றும். ஏற்றிய உடனே 9.6. பகலில் 3 வாட் இழுக்கிற கேமரா விளக்கு எரியும்போது 7 வாட் இழுக்கிறது, அவ்வளவு மின்னோட்டத்தை அந்தக் கேபிள் தாங்கவில்லை. மறுமுனையில் ஒயர்களைச் சேர்த்துக் கட்டி மின்தடையை அளந்ததில் போக வர 3.3 ஓம். இந்தத் தடிமனில் செம்பாக இருந்தால் 2.1 அளவுதான் வர வேண்டும். ஒயரைக் கத்தியால் சுரண்டினேன், உள்ளே வெள்ளையாகப் பளபளத்தது. செம்புப் பூச்சு போட்ட அலுமினியம். கேபிள் உறையில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி, நெட்வொர்க் கேபிளுக்கான கேட் 5இ, கேட் 6 (Cat 5e, Cat 6) தரங்கள் கேட்பது செம்பைத்தான். கட்டைக் கையில் தூக்கினாலே எடை குறைவாக இருக்கும்.

மொத்தத்தையும் உருவிவிட்டு, வெளிப்புறத்துக்கான கறுப்பு உறை போட்ட முழுச்செம்பு கேட் 6 இழுத்தேன். உறை விஷயமும் முக்கியம். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிற பிவிசி உறை வெயிலில் கிடந்தால் விறைத்து வெடித்துவிடும். ஸ்ப்ளிட்டரையும் தூக்கி வைத்துவிட்டு, நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் முறையான பிஓஇ ஸ்விட்ச் ஒன்று வாங்கினேன். இது 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரம், கேபிளில் 48 வோல்ட் அளவில் மின்சாரம் போகும், ஸ்விட்ச் ஒரு முனைக்கு 15.4 வாட் வரை கொடுக்கும், மறுமுனையில் 12.95 வாட் உறுதி. வோல்ட் அதிகம், ஆகவே ஆம்பியர் குறைவு. அதே 7 வாட்டுக்கு 25 மீட்டரில் இழப்பு அரை வோல்ட் கூட இல்லை. கேமரா ராத்திரியில் மறுபடி துவங்குவது அன்றோடு நின்றது. எதிர்முனையில் இருப்பது பிஓஇ கருவிதானா என்று விசாரித்துவிட்டுத்தான் ஸ்விட்ச் மின்சாரத்தையே விடும் என்பது கூடுதல் நிம்மதி. 100 மீட்டர் வரை இழுக்கலாம், எந்த வீட்டுக்கும் அது தாராளம். பக்கத்திலேயே ஒரு சின்ன யுபிஎஸ் வைத்து ரவுட்டர், ஸ்விட்ச், ரெக்கார்டர் மூன்றையும் அதில் சேர்த்துவிட்டால் மின்சாரம் போனாலும் கேமரா விழித்திருக்கும்.

சுவரில் ஓட்டை. கேட் 6 கேபிளின் தடிமன் சுமார் 6 மி.மீ., அதன் முனையில் மாட்டும் ஆர்ஜே45 பிளக்கின் அகலம் சுமார் 12 மி.மீ. ரெடிமேட் கேபிள் என்றால் பிளக் நுழைய 16 மி.மீ. ஓட்டையாவது வேண்டும், கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூல் இருந்தால் 8 மி.மீ. போதும், கேபிளை மொட்டையாக நுழைத்துவிட்டு வெளியே போய்ப் பிளக் போடலாம். டிரில்லை உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக, வெளிமுனை கொஞ்சம் தாழ்ந்திருக்கும்படி சாய்த்துப் பிடித்தேன், 20 செ.மீ. சுவருக்கு ஒரு சென்டிமீட்டர் சாய்வு போதும். தலைகீழாகச் சாய்ந்தால் மழைநீருக்கு வீட்டுக்குள் வர வழி போட்டுக்கொடுத்த மாதிரி. கடைசி இரண்டு சென்டிமீட்டர் வரும்போது சுத்தியல் இயக்கத்தை அணைத்துவிட்டு வெறும் சுழற்சியில் போனால் வெளிப்பூச்சு பெரிய துண்டாகப் பெயர்ந்து விழாது. துளைக்கும் முன் சுவருக்குள் மின் ஒயர் ஓடுகிறதா என்று டிடெக்டரால் பார்த்தேன். பாதியில் டிரில் முன்னேறாமல் கீச்சென்று சத்தம் போட்டது, கான்கிரீட்டுக்குள் இருந்த இரும்புக் கம்பி. அங்கே அழுத்திப் பிரயோஜனம் இல்லை, நான்கு சென்டிமீட்டர் தள்ளிப் போட்டு, பழைய ஓட்டையை சிமென்ட் வைத்து மூடினேன்.

பிளக்குக்குள் எட்டு ஒயர்களின் நிற வரிசை, டி568பி முறைப்படி: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. ஏணி மேல் நின்று ஒரு கையால் இதை வரிசைப்படுத்துவது தனிக் கொடுமை. ஒற்றைக் கம்பி ஒயருக்கு ஏற்ற பிளக் என்று பார்த்து வாங்க வேண்டும், பல இழை கேபிளுக்கான பிளக்கின் பல் வேறு மாதிரி இருக்கும். கிரிம்ப் செய்தவுடன் கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏணியை விட்டு இறங்கினேன்.

இனி தண்ணீர். கேமராவின் பெட்டியில் ஐபி67 என்று போட்டிருக்கும். முதல் 6 தூசி நுழையாது என்பதற்கு, 7 என்பது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கு. அந்த எண் கேமராவின் உடம்புக்கு மட்டும்தான். பின்னால் வால் மாதிரி ஒரு ஒயர் தொங்கி, அதன் முனையில் ஒரு நெட்வொர்க் சாக்கெட் இருக்குமே, அதற்கு அந்த எண் எந்த உத்தரவாதமும் தராது. வெளியில் மாட்டிய கேமராக்கள் பல செத்துப்போவது அங்கேதான். சாக்கெட்டுக்குள் ஈரம் புகுந்தால் 48 வோல்ட் நேர் மின்சாரம் ஓடுவதால் உலோகம் வேகமாக அரித்துப் பச்சை பூத்துவிடும்.

கேமராவோடு ஒரு ரப்பர் வளையமும் மரையுள்ள மூடியும் தருவார்கள், அந்தச் சாக்கெட்டை மூட. அதைப் பிளக் போடுவதற்கு முன்பே கேபிளில் கோர்த்துவிட வேண்டும். இதை மறந்து கிரிம்ப் செய்தவர்களின் வெட்டிப்போட்ட பிளக்குகளைச் சேர்த்தால் ஒரு மூட்டை தேறும். மூடிக்கு மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றினேன். சாதாரண இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை இளகிப் பிரிந்துவிடும். பிளக்கின் உள்ளே ஈரத்தைத் தடுக்க, மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம். அப்புறம் இந்த இணைப்பு மொத்தமும் கேமராவுக்குப் பின்னால் ஒரு ஜங்ஷன் பாக்ஸுக்குள் போகிறது, திறந்த வெளியில் எதுவும் தொங்கவில்லை. சுவரிலிருந்து வரும் கேபிளை நேராகப் பெட்டிக்குள் விடாமல் ஒரு கையளவு கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால், கேபிளோடு வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

பெட்டியின் ஓரத்தில் சிலிக்கான் சீலன்ட் பூசும்போது மேலேயும் இரு பக்கங்களிலும் மட்டும் பூசினேன். அடிப்பக்கத்தைத் திறந்தே விட வேண்டும். எப்படி அடைத்தாலும் கொஞ்சம் ஈரம் உள்ளே போகத்தான் செய்யும், போனது வெளியே வர வழி வேண்டும். சிலிக்கானிலும் வகை பார்க்க வேண்டும்: பூசும்போது வினிகர் மாதிரி புளிப்பு வாசனை அடிப்பது காயும்போது அமிலத்தை வெளிவிடும், செம்பை அரிக்கும். மின் இணைப்புக்குப் பக்கத்தில் வாசனை இல்லாத நியூட்ரல் வகைதான். துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ போட்டேன், கூட வந்த ஸ்க்ரூக்கள் ஒரு மழைக்கே சுவரில் பழுப்புக் கோடு இழுத்துவிடும் ரகம்.

இப்போது இரவு. மாட்டி முடித்து, பகலில் பார்த்து, திருப்தியாகி, இருட்டியதும் போனைத் திறந்தால் திரை முழுக்க வெள்ளை மூட்டம். கேட் எங்கோ உள்ளே மங்கலாக. பனிமூட்டத்தில் வண்டியின் ஹை பீமைப் போட்டால் எப்படியோ அப்படி. ஏணிச் சோதனையில் இந்தத் தொல்லை வரவில்லை, ஏனென்றால் ஏணி சுவரைவிட்டுத் தள்ளி நின்றது. சுவரில் மாட்டியதும் கேமராவுக்கு ஒரு சாண் மேலே சன்ஷேட், பக்கவாட்டில் வெள்ளைச் சுவர். அகச்சிவப்பு வெளிச்சம் முதலில் அந்த இரண்டிலும் பட்டுத் திரும்புகிறது. கேமரா அதைப் பார்த்துவிட்டு வெளிச்சம் நிறைய இருக்கிறது என்று நினைத்து மொத்தப் படத்தையும் மங்கலாக்கிவிடுகிறது. மெனுவில் விளக்கின் சக்தியைக் குறைத்துப் பார்த்தேன், மூட்டத்தோடு கேட்டும் சேர்ந்து மறைந்தது. பக்கத்துச் சுவரில் கறுப்பு அட்டையை ஒட்டிப் பார்த்ததும் அந்தப் பக்கம் தெளிந்தது, ஆகக் காரணம் இதுதான் என்று உறுதியானது. நீட்டிய தாங்குகை (பிராக்கெட்) ஒன்றில் பெட்டியைச் சுவரிலிருந்து 25 செ.மீ. முன்னால் கொண்டுவந்து, சன்ஷேட்டின் விளிம்புக்குக் கீழே 30 செ.மீ. இறக்கியதும் மூட்டம் விலகியது.

அடுத்து வந்தது சிலந்தி. லென்ஸைச் சுற்றியுள்ள விளக்குகளின் வெளிச்சம் பக்கத்தில் இருக்கும் ஒரு நூலில் பட்டால் போதும், படத்தின் குறுக்கே தடித்த வெள்ளைக் கயிறு. காற்றில் அது ஆடினால் அசைவு என்று பதிவு. மழைத்துளியும் அப்படித்தான், பூச்சியும் அப்படித்தான். தட்டிவிட்டால் மறுநாள் புது வலை. துடைத்துத் துடைத்துச் சலித்த பிறகு கேமராவின் சொந்த விளக்குகளை மெனுவில் முழுக்க அணைத்துவிட்டு, தனியாக ஓர் அகச்சிவப்பு விளக்கை வாங்கி, கேமராவிலிருந்து ஒன்றரை மீட்டர் பக்கவாட்டில், கேட்டுக்கு இன்னும் பக்கத்தில் மாட்டினேன். மொத்த வேலையிலும் படத்தை ஒரே அடியில் மாற்றியது இந்த விளக்குதான். லென்ஸுக்கு முன்னால் வெளிச்சமே இல்லாததால் நூலும் துளியும் படத்தில் தெரிவதில்லை. 850 நானோமீட்டர் விளக்கு என்றால் உற்றுப் பார்த்தால் மெல்லிய சிவப்பு தெரியும். 940 வகை கண்ணுக்குத் தெரியவே தெரியாது, ஆனால் கேமராவின் சென்சாருக்கும் அது அவ்வளவாகத் தெரியாது, வெளிச்சம் எட்டும் தூரம் கணிசமாகக் குறையும். நான் 850 போட்டேன். அங்கே கேமரா இருக்கிறது என்று வருகிறவருக்குத் தெரிந்தால் எனக்கு நல்லதுதானே.

இவ்வளவுக்கும் பிறகு நிற்கிற ஆள் தெளிவாகத் தெரிந்தார், நடக்கிற ஆள் பேய் மாதிரி இழுபட்டார். ஷட்டர்தான். தானியங்கியில் விட்டால் இரவில் படம் பளிச்சென்று வர வேண்டும் என்பதற்காக ஷட்டரை 1/12 நொடி வரை திறந்து வைக்கிறது. சாதாரண நடை நொடிக்கு 1.4 மீட்டர். 1/12 நொடியில் ஆள் கிட்டத்தட்ட 12 செ.மீ. நகர்ந்துவிடுவார். என் அளவில் அது 27 பிக்சல். முகத்தின் அகலமே 35 பிக்சல்தான். எத்தனை மெகாபிக்சல் இருந்தாலும் அதில் முகம் எங்கே இருக்கும்? ஷட்டரை 1/50-க்கு மேல் திறக்காதபடி கட்டிப்போட்டேன், இழுபடுவது ஏழு பிக்சலுக்குள் வந்தது. படம் இருண்டது, புள்ளிகள் கூடின, ஆனால் தனி விளக்கு இருந்ததால் தாக்குப்பிடித்தது. விளக்கில்லாமல் இதைச் செய்திருந்தால் கறுப்புத் திரைதான் மிஞ்சியிருக்கும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடமென்றால் 1/60 வைக்க வேண்டும், இல்லையென்றால் தெருவிளக்கு படத்தில் துடிக்கும்.

பதிவு பற்றிச் சுருக்கமாக. 4 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்கு 43.2 ஜிபி. 128 ஜிபி மெமரி கார்டு மூன்று நாளுக்குள் நிரம்பிப் பழையதை அழிக்கத் தொடங்கும், 1 டிபி ஹார்ட் டிஸ்க் 23 நாள் தாங்கும். வீடியோவை இன்னும் அதிகமாகச் சுருக்கும் எச்.265 முறைக்கு மாற்றி 2 எம்பிபிஎஸ் ஆக்கியபோது பகல் படத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை, இரவில் தெரிந்தது, ஏனென்றால் புள்ளிகள் நிறைந்த படத்தைச் சுருக்குவது கஷ்டம். 3-இல் நிறுத்தினேன். கார்டு கேமராவுக்குள்ளேயே இருக்கிறது, கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் பதிவும் சேர்ந்தே போகும். ஆகவே முதன்மைப் பதிவு வீட்டுக்குள் இருக்கும் ரெக்கார்டரில், கார்டு துணைக்கு. கேமரா ஒரு நிறுவனம், ரெக்கார்டர் வேறு நிறுவனம் என்றால் இரண்டும் ஆன்விஃப் என்ற பொதுத் தரத்தைப் பேசுகின்றனவா என்று வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். நேரத்தை என்டிபி என்ற நெட்வொர்க் நேர முறை வழியாகத் தானே சரிசெய்துகொள்ளும்படி வைத்தேன். கடிகாரம் ஓடிப்போன கேமராவின் பதிவைக் கொண்டுபோய்க் காட்டினால் முதல் கேள்வியே அதில்தான் வரும்.

அறிவிப்புத் தொல்லைக்கு விடை எளிது: பிக்சல் மாறினால் கத்தும் பழைய அசைவு அறிதலை அணைத்துவிட்டு, மனிதர், வண்டி என்று பிரித்தறியும் வகையைப் போட்டு, கேட்டுக்கு உட்புறம் தரையில் ஒரு கோடு வரைந்து அதைத் தாண்டினால் மட்டும் சொல் என்று வைத்தேன். தெருவில் போகிற வண்டியின் ஹெட்லைட் இப்போது எந்தச் சத்தத்தையும் எழுப்புவதில்லை.

நெட்வொர்க் பாதுகாப்பைப் பலரும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் இணையத்தில் கிடந்த கேமராக்களையும் டிவிஆர் என்ற பதிவுக் கருவிகளையும் லட்சக்கணக்கில் பிடித்து, அந்த அக்டோபரில் தளப் பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றித்தரும் டைன் (Dyn) என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கி, பெரிய பெரிய தளங்களையே பல மணி நேரம் முடக்கியது. அதன் ஆயுதம் அப்படியொன்றும் நுட்பமானதில்லை, தொழிற்சாலையில் போட்ட சுமார் 60 பயனர் பெயர், கடவுச்சொல் ஜோடிகளின் பட்டியல், அவ்வளவே. ஆகவே முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றினேன், கருவிகள் தாமாகவே ரவுட்டரில் வழி திறந்துகொள்ள விடும் யுபிஎன்பியை அணைத்தேன், போர்ட் எனப்படும் நுழைவழி எதையும் வெளியே திறந்துவிடவில்லை, கேமராவைத் தனி நெட்வொர்க்கில் வைத்து அது நேராக இணையத்துக்குப் போகாமல் தடுத்தேன். வெளியூரில் இருந்து பார்க்க, வீட்டு நெட்வொர்க்குக்குள் மறைகுறியிட்ட தனி வழியாக நுழைய விடும் விபிஎன் மூலம் வருகிறேன். நேரம் மட்டும் ரவுட்டரிடமிருந்தே வாங்கிக்கொள்கிறது.

பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று படத்தின் ஓரத்தில் வந்தது. பிரைவசி மாஸ்க் என்று மெனுவில் இருப்பதைக் கொண்டு அந்தப் பகுதியைக் கறுப்பாக்கிவிட்டு, அவர்களையே கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். மரியாதைக்காக மட்டும் இல்லை. 2014-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், வீட்டுக் கூரையின் அடியில் மாட்டிய கேமரா பொதுத் தெருவையும் பதிவு செய்தால் அது வெறும் சொந்த வீட்டு விவகாரம் ஆகாது என்று தீர்ப்பு சொன்னது. அந்த வழக்கில் கேமரா மாட்டியவர் தன் ஜன்னலை உடைத்தவர்களைத்தான் பிடித்துக் கொடுத்திருந்தார். அவரவர் இடத்துச் சட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. மைக்கை அணைத்துவிட்டேன். ஒலிப்பதிவுக்குப் பல இடங்களில் விதிகள் இன்னும் கடுமை, எனக்கு அது தேவையும் இல்லை.

செலவுக் கணக்கில், கேமராவுக்குப் போனது மொத்தத்தில் பாதிக்கும் குறைவு. ரெக்கார்டரும் டிஸ்கும் சேர்ந்து ஒரு பெரிய துண்டு, அடுத்தது பிஓஇ ஸ்விட்ச், அப்புறம் செம்புக் கேபிள். ஜங்ஷன் பாக்ஸ், ரப்பர் டேப், சீலன்ட், ஸ்டீல் ஸ்க்ரூ எல்லாம் சில்லறைதான், ஆனால் மழையில் காப்பாற்றுவது அவைதான். தனி விளக்கின் விலை கேமரா விலையில் கால் பங்கு இருக்கும். இரண்டு மெகாபிக்சல் குறைந்த கேமராவும் நல்ல விளக்கும் வாங்குவதா, பெரிய கேமராவை மட்டும் வாங்குவதா என்று கேட்டால் யோசிக்காமல் முதலாவதைச் சொல்வேன்.

அடுத்தமுறை கேபிளை ஒன்றுக்கு இரண்டாக இழுப்பேன்; ஓட்டை போடுவதும் பைப் அடிப்பதும் எப்படியும் ஒரே வேலைதான், விளக்குக்குத் தனி மின் ஒயர் இழுக்கும்போது இது உறைத்தது. மாட்டும் சுவர்ப் பகுதிக்கு மங்கலான அடர் நிறம் அடித்துவிட்டுத்தான் கையைப் பொருத்துவேன். பின்பக்கத்துக்கும் ஒன்று மாட்ட வேண்டும், அங்கே வழி குறுகல், தூரம் 9 மீட்டர், அதனால் 6 மி.மீ. லென்ஸ். அதற்கான ஏணியும் மரச்சட்டமும் இன்னும் மாடிப்படிக்குக் கீழேதான் கிடக்கின்றன, எப்போது எடுத்து வைப்பாய் என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.